அசிங்கம்னு சொல்லு

பாலைத் துடைக்கப்போன மராலின் கட்டைவிரலோடு குழந்தையின் கன்னமும் கொஞ்சம் நகர்ந்தது.

தோல் இழுபடுவது வேறு. பிஞ்சுத் தோலை இழுத்தால் வரும், விட்டால் திரும்பிப் போகும். இது போகவில்லை. உதட்டோரத்துச் சிவப்பு காதுப்பக்கமாக ஒரு கோடாய் இழுபட்டு, அப்படியே நின்றுவிட்டது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. தூக்கம் கெட்டவளின் கண் எதையாவது காட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிள்ளையை மரத்தொட்டிலோடு சேர்த்துக் கட்டும் வார்களை முடிச்சுப் போட்டு, அதன் மேல்கட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துணிகளைப் போர்த்தினாள். உள்ளே இருட்டில் பையன் நிம்மதியாக முனகினான்.

சமையலறையில் நாத்தனார் குல்யாஷ் குதிரைக் குடலைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்று குழந்தைக்கு நாற்பதாம் நாள் குளியல். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள், அவர்களுக்குக் கறி வேகவேண்டும். குளிர்காலத்துக்கென்று வெட்டிய குதிரையில் பாதி, பால்கனியில் கல்லாய் உறைந்து கிடந்தது. மீதி அடுப்படியில். உப்பையும் மாவையும் போட்டு அவள் குடலைப் பிசையும் சத்தம், வழுக்கி வழுக்கி, கூடம்வரை கேட்டது. கரகந்தா நகரத்தில் டிசம்பரில் ஜன்னலைத் திறக்க முடியாது, சுவரோரத்துச் சூட்டுக்குழாயை அணைக்கவும் முடியாது. அந்தக் கொதிப்பில் குடலின் கவிச்சியும் கொழுப்பும் புளித்த பாலும் ஒன்றாய்க் கலந்து, திரைச்சீலையிலும் தலைமயிரிலும் நாக்கின் அடியிலும்கூடப் பிசுபிசுவென்று படிந்திருந்தன.

“கெலின்! என்னடீ பண்ணுது அந்த நாத்தக்குட்டி?” குல்யாஷுக்கு மரால் எப்போதும் ‘கெலின்’தான், வீட்டுக்கு வந்த மருமகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

“தூங்குறான் அக்கா.”

“தூங்கட்டும், அசிங்கம் புடிச்சது. த்தூ, த்தூ, த்தூ. மூஞ்சியும் மொகரையும்!”

பிரியத்தில்தான் சொன்னாள். இந்த ஊரில் பச்சைக் குழந்தையைப் பார்த்து அழகு என்று சொல்லிவிட்டுப் போனால் அடிக்க வருவார்கள். அசிங்கம், நாற்றம், குரங்கு, எது வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்லித் துப்பிவிட்டால் கண்படாது. குல்யாஷ் பிரசவத்துக்கு உதவ வந்தவள்தான், ஆனால் காவல்காரியாகவே உட்கார்ந்துவிட்டாள். நாற்பது முடியும்வரை குழந்தையை யாருக்கும் காட்டக்கூடாது, படம் எடுக்கவே கூடாது. மேற்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் மராலின் புருஷன் தவ்ரேனுக்கே இன்னும் மகனின் முகம் தெரியாது.

மராலும் சரி சரி என்று தலையாட்டியவள்தான். ஆனால் கெட்டிக்காரி. அதுதான் வினையாகப்போயிற்று.

புகைப்படங்களைக் கணினியில் போட்டு, என்ன ஏது என்று தெரியாதபடி குழப்பி, வெறும் நிறமும் நெளிவுமாக்கி விற்பது அவள் தொழில். பேருந்தின் துரு, ஜன்னலில் பூத்த உறைபனி, எண்ணெய் மிதக்கும் குட்டை, எதையும் விடமாட்டாள். தான் என்னவாக இருந்தோம் என்பதே அந்தப் படத்துக்கு மறந்துபோகும்வரை தேய்ப்பாள். கூடப் படித்த ஜானார் சந்தைக்குப் பக்கத்தில் காபிக்கடை போடுவதாகவும், சுவர் முழுக்க ஒரு படம் வேண்டும் என்றும் கேட்டபோது, வெளியே போய்ப் படமெடுக்க வழியில்லை. பையனோ பால் குடித்துவிட்டு, வாயைப் பாதி திறந்து, செக்கச் சிவந்துபோய்த் தூங்குகிறான். குல்யாஷ் கடைக்குப் போயிருந்தாள். மரால் எடுத்தாள். ஒரே ஒரு படம்.

முகமே தெரியாவிட்டால் அது காட்டியதாகுமா? ஆகாது. அப்படித்தான் கணக்குப் போட்டாள். ஊரே தன் பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவளுக்குக் கொள்ளை கொள்ளையாய் இருந்தது. பார்க்கட்டும், ஆனால் பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்க்கட்டும். கணினியில், நிறத்தை இழுத்துப் பரப்பும் விரல் படம் போட்ட கருவியை எடுத்துக் கன்னங்களைக் காதுவரை இழுத்தாள். மூக்கைத் தேய்த்து மழித்தாள். கண் இருந்தால் முகம் என்று கண்டுபிடித்துவிடுவார்களே, கண்ணையும் அழித்தாள். பிறகு அந்தக் குட்டிவாயை மட்டும் வெட்டி, பிரதியெடுத்து, வட்டமாக, வட்டத்துக்குள் வட்டமாக அடுக்கினாள். ஈரச் சிவப்பில் ஒரு பூ வந்தது. அடுக்குகளையெல்லாம் ஒன்றாக்கி, இனிப் பிரிக்க முடியாதபடி சேமித்து, ஜானாருக்கு அனுப்பினாள். நாத்தனார் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று கைப்பேசியில் இருந்த மூலப்படத்தையும் சுவடில்லாமல் நீக்கினாள். அன்றைக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

இன்று காலையில்தான் கடை திறந்திருக்கிறார்கள்.

கைப்பேசி அதிர்ந்தது. ஜானாரின் குரல் பதிவு. “அடியே மரால், சத்தியமா சொல்றேன், காபி ஆறிப்போறது தெரியாம எல்லாரும் உன் படத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நீயே கேளு.” பின்னால் கோப்பைகளின் சத்தம். ஒரு பெண்ணின் குரல்: “ஐயோ, என்ன அழகு!” யாரோ ஓர் ஆள்: “பூவா, நெருப்பா? எதுவா இருந்தா என்ன, அழகோ அழகு.”

தொட்டிலுக்குள் சப் என்றது.

மரால் பதிவை நிறுத்தினாள். குழந்தைகள் தூக்கத்தில் சப்புக்கொட்டுவது வழக்கம்தான். ஆனால் ஒரு வாய் சப்பினால் சத்தம் ஒன்றாகத்தான் வரும். இதில் ஒன்று முடியும் முன்பே இன்னொன்று தொடங்கியது. சப். சசப். நாய்க்குட்டிகள் ஒரே தட்டில் பாலை நக்குவது போல.

பசிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, தொட்டில் பிள்ளைக்கு இங்கே எல்லோரும் கொடுப்பது போலவே அவளும் பிள்ளையைத் தூக்காமலே தொட்டிலின்மேல் குனிந்து, துணியைத் தன் தலைக்குமேல் இழுத்துவிட்டு, இருட்டுக்குள் மார்பைக் கொடுத்தாள். உள்ளே வெப்பம். பால் புளித்த வாடையோடு வேறு ஒரு வாடையும் இருந்தது, சமையலறையில் இருப்பது போல, கழுவாத குடலின் வாடை. பையன் கவ்வினான். பால் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது, கவ்விய இடத்துக்கு மேலே, கன்னம் இருக்கவேண்டிய இடத்தில், ஈரமாக ஏதோ ஒன்று அவள் தோலைத் தொட்டது. சின்னதாக. வெதுவெதுப்பாக. தொட்டது, தடவியது, இடம் தேடியது.

பிறகு அதுவும் உறிஞ்சியது.

அவள் பிய்த்துக்கொண்டு எழுந்தாள். மார்பில், காம்பைவிட்டு விரலகலம் தள்ளி, வட்டமாக ஒரு சிவந்த தடம். அதைச் சுற்றிக் கோழையும் பாலும் நூல்நூலாய்த் தொங்கின. தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தாள். வழவழப்பு போகவில்லை. பெற்ற பிள்ளையின் எச்சில்தானே என்று மனம் சொல்லச் சொல்ல, கை துண்டைத் திருப்பிப் பிடித்து இன்னும் அழுத்தித் தேய்த்தது. தன் பிள்ளையிடம் தனக்கு அருவருப்பா? அந்த நினைப்பே அவளை இன்னும் பயமுறுத்தியது.

துணியை ஒரு விரல் அளவுக்கு விலக்கினாள்.

நெற்றி தெரிந்தது. காலையில் குல்யாஷ் வைத்த கரிப்பொட்டு தெரிந்தது. பொட்டுக்குக் கீழே புருவம் இல்லை. தேய்த்தது போல வழவழப்பாக, வேகவைத்த கொழுப்பு மாதிரி வெளுத்த தசை. கண் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். பள்ளம் மெதுவாக நிரம்பிக்கொண்டிருந்தது.

அவள் இழுத்த இழுப்பு. அவள் தேய்த்த தேய்ப்பு. ஒவ்வொன்றும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

கணினியிடம் ஓடினாள். படம் திறந்தது. பின்னால் போ, பின்னால் போ என்று அழுத்தினாள். போவதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஒரே அடுக்கு. கைப்பேசியில் குப்பைத்தொட்டிவரை தேடினாள். காலி. அவன் முகம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. இருந்த ஒன்றையும் அவளே துடைத்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாற்பது நாளாக இந்த வீட்டில் அசிங்கம் அசிங்கம் என்று சொல்லிக் காத்த பிள்ளை. அங்கே கடைச் சுவரில் இருப்பது பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. யாரும் துப்பமாட்டார்கள். வாய்நிறையப் புகழ்வார்கள்.

ஜானாரைக் கூப்பிட்டாள். “படத்தைக் கழட்டு.”

“என்னது?”

“கழட்டுடீ! இல்லன்னா துணி போட்டு மூடு.”

“லூசா நீ? கடையில நிக்க இடமில்ல. ஒரு கல்யாண கோஷ்டியே வந்திருக்கு, அதுக்கு முன்னாடி நின்னுதான் ஃபோட்டோ எடுக்குறாங்க.”

மரால் கெஞ்சினாள். “அப்ப ஒண்ணு செய். அசிங்கம்னு சொல்லு. எல்லாரையும் சொல்லச் சொல்லு. மூணு தடவ துப்பச் சொல்லு. உன் கால்ல விழறேன் ஜானார், ஏன்னு கேக்காத.”

ஜானார் சிரித்தாள், பிரியமாக. “பிள்ள பெத்தவளுக்கு இந்தத் தவிப்பெல்லாம் வரும்டீ, எங்க அக்காவும் இப்படித்தான் எதுக்கெடுத்தாலும் அழுவா. உன் வேலை நல்லாயில்லன்னு பயமா? இரு. ஸ்பீக்கர்ல போடுறேன்.”

“வேண்டாம்! ஜானார், வேண்டாம்…”

“எல்லாரும் கேளுங்க! இதைச் செஞ்சவ லைன்ல இருக்கா. இது அசிங்கமா இருக்காம்! நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு?”

“அழகு!” கடையே கத்தியது. கை தட்டினார்கள். மேசையைத் தட்டினார்கள். “அழகு! அழகு! அழகு!”

கைப்பேசி அவள் கையிலிருந்து விழுந்தது.

தொட்டில் ஆடியது. யாரும் ஆட்டவில்லை. துணிக்கு அடியில் சப்சப்பென்ற சத்தம் பெருகிப் பெருகி, சமையலறையில் குடல் பிசையும் சத்தம் எது, இது எது என்று தெரியாமல் போயிற்று. துணியின் நடுவில் ஈரம் ஊறியது. ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு சொல். தாய் சொன்னால் பலிக்கும். மரால் தொட்டிலருகே மண்டியிட்டு வாயைத் திறந்தாள். அந்தச் சொல் அவளுக்கு எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே வந்திருக்கிறது. என் அசிங்கமே, என் நாற்றமே என்று முத்தமிட்டிருக்கிறாள். இன்று முதல்முறையாக அது நிஜம். அதனாலேயே வரவில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமே. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அழைப்புமணி அடித்தது. பெண்கள் உள்ளே வந்தார்கள். கோட்டில் பனி. கையில் இனிப்பு. சிரிப்பு. குல்யாஷ் கையைக் கழுவிக்கொண்டு, கிண்ணத்தில் வெந்நீரும், குளியலுக்கு நீர் மொண்டு ஊற்ற மரக்கரண்டியுமாக வந்தாள். விரல்களில் இன்னும் கொழுப்பு மினுங்கியது.

“அக்கா, தொறக்காதீங்க.”

“ஏன்டீ அழுவுற? நாப்பது முடிஞ்சிடுச்சு, இனிமே ஊருக்கே காட்டலாம். தள்ளு.”

ஒவ்வொரு துணியாக எடுத்தாள். கடைசித் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தாள்.

“எங்க என் நாத்தக்குட்டி? என் அசி…”

நின்றது.

கரண்டி தரையில் உருண்டது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி கையால் மூக்கைப் பொத்தினாள். ஒருத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எந்தக் குழந்தையையும் அசிங்கம் என்று சொல்லத் தயங்காத வாய்கள். ஒருத்தியும் சொல்லவில்லை. ஒருத்தியும் துப்பவில்லை.

கரிப்பொட்டுக்குக் கீழே வாய்கள். வட்டமாக. வட்டத்துக்குள் வட்டமாக. பல்லில்லாத, பால் வழியும், குட்டிக் குட்டி வாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாக்கு. கண் இல்லை. ஆனாலும் அந்தத் தலை மெல்லத் திரும்பியது, வாடை பிடித்து, மரால் இருந்த பக்கமாக.

எல்லா வாய்களும் திறந்தன.

பசிக்கு அழும் அதே அழுகை. அவள் மகனின் குரலேதான். ஒரே நேரத்தில், அத்தனையிலிருந்தும்.

மரால் இரண்டு கையாலும் மார்பை அழுத்திப் பிடித்தாள். விரலிடுக்குகளில் பால் சுரந்து வழிந்தது.