பாலத்துத் தண்ணீர்

ஐந்தாம் வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளமானவள் அவள்தான். அதனால் அவளைப் ‘பட்டாணி’ என்றே கூப்பிடுவார்கள். அந்தப் பெயரைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. கவலையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையைப் பற்றித்தான்.

“பட்டாணி வீட்டு ஓடை பாசி ஓடை!” என்று வகுப்பே சிரிக்கும்.

ஒருநாள் நீர் ஆய்வாளர் அக்கா பள்ளிக்கு வந்தார். ஓடையைச் சோதிக்கப் பிள்ளைகளின் உதவி வேண்டுமாம். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தட்டும் சுத்தமான பாட்டிலும் கொடுத்தார்.

“கல்லைப் புரட்டிப் பாருங்க. மூணு வால் பூச்சி இருந்தா, மீன் வாழ ஏத்த தண்ணி. சிவப்புப் புழு மட்டும் இருந்தா, தண்ணிக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம். நாம குளிக்கலாமான்னு பாட்டில் தண்ணியைச் சோதிச்சுச் சொல்றேன்.”

ஆளுக்கு ஓர் இடமாக ஓடையைப் பிரித்ததில், பட்டாணிக்கு அவள் வீட்டுப் பின்புறமே கிடைத்தது. சனிக்கிழமை காலையில் கல் கல்லாகப் புரட்டினாள். தட்டு நிறையச் சிவப்புப் புழுக்கள். மூன்று வால் பூச்சி மருந்துக்குக்கூட இல்லை.

‘இதைப் பார்த்தா இன்னும் சிரிப்பாங்களே!’

தட்டைக் கவிழ்த்தாள். ஓடையோரமாகவே மேலே நடந்து பாலத்தடிக்குப் போனாள். அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. ஆறு பூச்சிகளைப் பிடித்தாள்; பாட்டிலையும் நிரப்பிக்கொண்டாள். ‘வீட்டுப் பின்புறம்’ என்று சீட்டு ஒட்டி அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது.

“சபாஷ் பட்டாணி! உன் இடம்தான் முதல். அங்கே தாராளமா குளிக்கலாம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். பட்டாணி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பே ஓடைக்கு வந்துவிட்டது. அக்கா ‘குளிக்கலாம்’ என்ற பச்சைப் பலகையை நட்டுக்கொண்டிருந்தார். பட்டாணியின் நான்கு வயதுத் தம்பி, கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பறந்து வந்தான்.

“நான்தான் முதல்ல குதிப்பேன்!”

பட்டாணி பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

“யாரும் இறங்காதீங்க! நான் கொடுத்தது இந்தத் தண்ணி இல்ல. பாலத்துத் தண்ணி. பூச்சியும் அங்கே பிடிச்சதுதான்.”

அவள் காதெல்லாம் சூடாகியது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

“ஏம்மா அப்படிச் செஞ்சே?” என்றார் அக்கா.

“எல்லாரும் பாசி ஓடைன்னு சிரிச்சாங்க...”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள்.

அக்கா பலகையைப் பிடுங்கினார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பட்டாணிக்குத் தோன்றியது. அவர் தன் நோட்டை நீட்டினார்.

“நடந்ததை நீயே எழுது.”

“பழைய கணக்கை அழிச்சிடட்டுமா?”

“அழிக்காதே. ஒரு கோடு போட்டுட்டு, கீழே உண்மையை எழுது.”

எழுதினாள். இரண்டே வரிதான். இரண்டு பக்கம் எழுதியது போல வேர்த்துவிட்டது. பிறகு எல்லோர் கண்ணெதிரிலும் கல்லைப் புரட்டினாள். தட்டில் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. ஒவ்வொன்றாக எண்ணி உரக்கச் சொன்னாள்: “இருபத்திமூணு.”

இத்தனை புழு என்றால் பக்கத்திலேயே கழிவு கலக்கிறது என்று புரிந்துகொண்ட அக்கா மறுநாளே ஆட்களை அழைத்து வந்து கரையைத் தோண்ட வைத்தார். வீடுகளின் கழிவுக் குழாய் மண்ணுக்கடியில் உடைந்து ஓடையில் கசிந்துகொண்டிருந்தது. குழாய்க்காரர் வேறு குழாய் போட்டார்.

“தண்ணி தேற மூணு மாசமாவது ஆகும்,” என்றார் அக்கா.

“மூணு மாசம்னா நாளைக்கா?” என்று தம்பி கேட்டான். இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கினான்.

பட்டாணி வீட்டிலிருந்த பெரிய வாளியை முற்றத்துக்கு இழுத்து வந்தாள். முற்றத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்து நிரப்பினாள்.

“வாடா, குதி!”

அவன் குதித்த வேகத்தில் பாதித் தண்ணீர் அவள் தலையில்தான் விழுந்தது. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் பட்டாணி வாய்விட்டுச் சிரித்தாள்.