நகராத நீலக் கோடு

மருத்துவமனையின் பக்கவாசலில் குடையை மடக்கி உதறும்போதே அந்த வாடை அவளை எதிர்கொண்டது. பினாயிலும் ஈரச் சுவரும் கலந்த வாடை. கணவனைப் பறிகொடுத்த இந்தக் கட்டிடத்தில் இனிக் கால் வைப்பதில்லை என்றிருந்தவள் அவள். ஆனால் இதன் இணையதளத்தை உருவாக்கியவன் அவன். அதே தொழிலில் இருக்கும் அவளைவிட்டால் அதைப் பழுதுபார்க்க வேறு ஆள் இல்லை.

அலுவலக மேலாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

“பாருங்கம்மா. எதைத் திறந்தாலும் கீழ இருக்கிறதுதான் மாறுது. மேல இருக்கிற மெனு அசைய மாட்டேங்குது, எங்க பெரிய டாக்டர் மாதிரி.”

“அசையக்கூடாதுன்னுதான் சார் எங்க வீட்டுக்காரர் அப்படிச் செஞ்சாரு.”

மாடி வார்டில் படுத்த படுக்கையாக, மடிக்கணினியை வயிற்றின்மேல் சாய்த்து, இரண்டே விரல்களால் தட்டித் தட்டி அவன் முடித்த கடைசி வேலை அது. “இங்க வர்றவங்க எல்லாம் பதறிட்டு வர்றவங்க. பக்கம் எங்க வேணா போகட்டும், வழி மட்டும் தலைக்கு மேலயே நிக்கணும்” என்பான். மெனுப் பட்டையை நிலையாக நிறுத்திவிட்டு, அதன் கீழுள்ளதை மட்டும் மாற்றும் ஏற்பாடு. பார்ப்பவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறாரோ அதன் பெயருக்கு அடியில் ஒரு நீலக் கோடு நிற்கும்.

“மெனு நிக்கட்டும்மா. கோடுதான் வம்பு. எதைத் திறந்தாலும் ‘மாடி வார்டு’லயே போய் நிக்குது. அந்த மாடியை மூடியாச்சு, தரையெல்லாம் பெயர்ந்து கிடக்கு. நேத்து ஒரு பெரியவர் இதை நம்பி மேல ஏறி, விழுந்து கையை உடைச்சுக்கிட்டாரு.”

“அந்தப் பேரை வீட்லருந்தே எடுத்துட்டேனே சார்.”

“எடுத்தீங்க. திரும்ப வந்துடுச்சு.”

கணினியில் பழைய நகல் தங்கியிருக்கும் என்று எண்ணி அதை அழித்தாள். பட்டையிலிருந்து அந்தப் பெயர் மறைந்தது. பிறகு கோட்டின் பிழையும் அகப்பட்டது. பக்கம் மாறும்போது கோட்டையும் நகர்த்து என்று ஆணையிட அவன் மறந்திருந்தான். மெனுவை அசையாமல் நிறுத்துகிறவர்கள் ஒருமுறையாவது செய்துவிடும் தவறு.

“அவசரக்குடுக்கை” என்று முணுமுணுத்துக்கொண்டே திருத்தினாள். ‘மருத்துவர்கள்’ என்பதை அழுத்தினாள். கோடு அங்கே சென்றது. ‘தொடர்பு’, அங்கும் சென்றது. மேலாளர் நிம்மதியாகத் தேநீர் சொல்லப் போனார்.

அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

கோடு நகர்ந்தது.

சுவரைப் பிடித்து நடக்கும் நோயாளியைப்போல, ஒவ்வொரு பெயராகக் கடந்து, பட்டையின் ஓரத்தில் இருந்த வெற்றிடத்துக்கு வந்து நின்றது. அதன்மேல் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

மாடி வார்டு.

தலைக்கு மேலே, மூடிய மாடியில், தட்டும் ஒலி கேட்டது.

இரண்டு விரல்கள். ஓர் இருமல். மறுபடியும் இரண்டு விரல்கள்.

அவன் நெஞ்சில் அவள் தேய்த்துவிடும் தைலத்தின் வாடை அறையில் இறங்கியது.

அன்று அவள் மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், மூச்சுத் திணறுகிறது என்று அவனைக் கீழே கொண்டுபோயிருந்தார்கள். திரும்பி வந்தவளை வரவேற்றது காலிக் கட்டில். அவன் எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. கதவு கதவாகத் திறந்துகொண்டு ஓடினாள். சரியான கதவு திறந்தபோது அவன் முகத்தை மூடியிருந்தார்கள்.

அவள் வந்து தேடுவாள் என்று அந்தக் கட்டிலுக்கே அவன் திரும்பியிருக்கிறான் என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தான் இருக்கும் இடத்தை அவன் இத்தனை நாளும் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்தப் பெயரை நீக்கியாக வேண்டும். நீக்கினால் அவன் எங்கே போவான் என்பது, மறுபடியும், அவளுக்குத் தெரியாமல் போய்விடும்.

“என்னங்க” என்றாள் கிசுகிசுப்பாக. “உங்க கோட்டைப் பார்த்துட்டு வழி தப்பி வர்றாங்க. விழறாங்க. இங்க இருக்க வேணாம். நான் வந்துட்டேன்ல? வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

தட்டும் ஒலி நின்றது.

பெயரை நீக்கினாள். அது திரும்பி வரவில்லை.

தேநீருடன் வந்த மேலாளர் அவளைக் கூர்ந்து பார்த்தார். “என்னம்மா, முகமெல்லாம் ஈரமா இருக்கு?”

“மழைல நனைஞ்சது சார். வேலை முடிஞ்சுது. இனி வராது.”

வீடு திரும்பும் பேருந்தில் கைபேசியில் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தாள். மாடி வார்டு இல்லை. கோடு ஒழுங்காக ‘முகப்பு’க்கு அடியில் நின்றது. கண்ணீர் திரையில் சொட்டியது. அதைத் துடைத்துவிட்டு, மனத்தைத் திருப்பச் செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

அதன் தலைமேலும் அதே பட்டை நின்றது.

வானிலைப் பக்கத்துக்குப் போனாள். பக்கம் மாறியது. பட்டை மாறவில்லை. அதில் ஒரே ஒரு சொல் இருந்தது, அடியில் நீலக் கோட்டுடன்.

வழியில்.

அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நின்றுகொண்டு வந்த ஒருத்தி அதில் உட்காரக் குனிந்தவள், என்ன நினைத்தாளோ, நிமிர்ந்து தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்பும்போது கைபேசி ஒளிர்ந்தது. சொல் மாறியிருந்தது.

வாசல்.

கதவைத் திறந்தவள் உடனே உள்ளே போகவில்லை. ஓரமாக ஒதுங்கி, வழிவிட்டு நின்றாள். தைல வாடை அவளைக் கடந்து சென்றது.

சற்றுப் பொறுத்து, இருண்ட உள்ளறையில் இரண்டு விரல்கள் தட்டத் தொடங்கின.