நாத்தனாருக்குப் போட்ட சோறு

விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதெல்லாம் முடிந்து, சத்தியபாமா பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போயிருந்தாள். தட்டைக் கழுவ அடுப்படிக்குள் வந்த அவளுடைய அத்தை பெருமாயி அங்கேயே நின்றுவிட்டாள். சரியாக மூடாமல் கிடந்த பிரிட்ஜுக்குள் ஒரு டப்பா. அடியில் ஒரு கரண்டி குதிரைவாலிச் சோறு கட்டிபிடித்துக் கிடந்தது. காலையில் ஆவி பறக்கத் தன் தட்டில் விழுந்தது நேற்று ஆக்கிய சோறு என்று அவளுக்கு விளங்கிப்போனது.

"அண்ணே, இங்கன வா. பொறந்த வீட்டுக்கு வந்தவளுக்கு மதினி பழசைச் சுடவச்சுப் போட்டிருக்காவ. கோவில்பட்டியில படிக்கையில ஒம்மக எங்க வீட்டுலதான இருந்தா? ஒரு நாளாச்சும் அவளுக்குப் பழசு போட்டிருக்கனா?"

அண்ணன் இசக்கிதுரை பெண்டாட்டியிடம் என்ன ஏது என்று கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் ஏசினார். வெயிலம்மாள் சுவரோடு சுவராக நின்றாள். வாயைத் திறந்தால் மகள் படிப்பு கெடும்.

மகள் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஆக்கிய சோற்றை ஒரு ராத்திரி குளிரில் வைத்தால் மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகிவிடுமாம். மறுபடி சுடவைத்தாலும் அது முழுசாக இளகாதாம். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய், அங்கேயுள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனியாகுமாம். சர்க்கரையும் சட்டென்று ஏறாதாம். குதிரைவாலியில் அது எவ்வளவு என்று பார்க்கத்தான், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு ஞாயிறு புதுச்சோறும் ஒரு ஞாயிறு குளிரவைத்துச் சுடவைத்த சோறும் கொடுக்கிறாள். எந்த நாள் எது என்று தின்கிறவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு விதமாக வரும், முடிகிற வரை கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் அத்தையைச் சேர்த்தாள். பெருமாயி, தண்ணீரும் பக்குவமும் மாறும் என்று நினைத்தாளே தவிர, அண்ணன் வீட்டில் பழையது வரும் என்று நினைக்கவில்லை.

அப்பா காதுக்குப் போனால் அத்தை காதுக்கும் போய்விடும் என்று மகள் சொல்லியிருந்தாள். அதனால் அவருக்கும் தெரியாது. இன்னும் ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி. பெருமாயி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க இசக்கிதுரை வீட்டில் கை நனைக்கவில்லை. தீப்பெட்டி ஆபிஸில் பக்கத்தில் இருந்த ஆறுமுகத்தாய், "என்ன வெயிலு, ஒங்க வீட்டு விருந்து ஊரெல்லாம் மணக்குது" என்றாள். வெயிலம்மாள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தாள். ஏச்சு பழகிப்போனதுதான். ஆனால் பெருமாயி அவளை ஒரு நாளும் ஏசியவள் இல்லை.

அரைநாள் கூலியை விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்குப் போனாள். பெருமாயி வாங்க என்று சொல்லவில்லை. வாசல்படியிலேயே நின்று பேச வேண்டியதாயிற்று.

"செஞ்சது நாந்தான் தாயி. என்னைய என்ன வேணாலும் ஏசு. ஞாயித்துக்கெழம மட்டும் வந்துரு... சத்தியாவுக்காக."

"அவளுக்காக வாரேன். ஒங்க மொகத்துல முழிக்க மாட்டேன்."

சொன்னபடியே வந்தாள். வெயிலம்மாள் சோற்றை ஆக்கி வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விட்டாள். மகள்தான் பரிமாறினாள், அரைமணிக்கு ஒருதரம் ரத்தம் எடுத்தாள். கடைசிச் சொட்டும் எடுத்தானபிறகு, அம்மாவும் நீங்களும் ஏன் பேசவில்லை என்று கேட்டாள். பெருமாயி நடந்ததைச் சொன்னாள்.  சத்தியபாமா எல்லாவற்றையும் அவிழ்த்துச் சொன்னாள்.

"எங்கிட்டகூட அம்மா சொல்லல அத்தை. சொல்லியிருந்தா ஒங்கள விட்டுட்டு வேற ஆளப் பாத்திருப்பேன்."

பெருமாயி எழுந்து பின்வாசலுக்குப் போனாள். அங்கே சட்டி விளக்கிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் குத்தவைத்தாள்.

"மதினி, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா அவ படிப்பு போயிருமே... நீ கோவிச்சுட்டுப் போனா என்னைக்காச்சும் வந்துருவ."

பெருமாயி மதினியைக் கரியும் ஈரமுமாக இருந்த அந்தக் கைகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். வெயிலம்மாளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. நாத்தனார் தோளில் தலையைச் சாய்த்து வெறுமனே கிடந்தாள்.

மகள் சொன்னதையெல்லாம் கேட்டிருந்த இசக்கிதுரை பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சோத்தப் பாத்து ஏமாந்தேன்," என்றாள் பெருமாயி. "இத்தன வருசம் கூடவே இருக்கியே அண்ணே, நீ எதப் பாத்து ஏமாந்த?"



மதினியைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்துவிட்டுப் பெருமாயியே அடுப்பைப் பற்றவைத்தாள். உலை கொதிக்குமுன் வெயிலம்மாள் வெறுந்தரையில் ஈரச் சேலையோடு தூங்கிப்போயிருந்தாள். இசக்கிதுரை வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, தோளைத் தொடப் போனார்.

பெருமாயி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தூங்கட்டும். நீ காத்துக் கெட."