நாலு விரல் சந்து

கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் அறைக்குள் வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

வேறு வீடாக இருந்தால் யாரும் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் பக்கவாதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் தானாக ஒரு விரலைக்கூட அசைத்ததில்லை. முதுகில் புண் வராமல் இருக்க அவள்தான் அவரைப் புரட்டிவிடுவாள். தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கனத்த உடம்பை மெல்லச் சாய்த்து, முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுப்பாள். காலையில் அப்படித்தான் ஜன்னலைப் பார்க்கப் படுக்க வைத்துவிட்டுப் போனாள். இப்போது அந்தத் தலையணை தரையில் கிடந்தது. அவருடைய நெற்றி சுவரில் ஒட்டியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அடுத்த அறையில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதை ஒட்டுக்கேட்கிறவர் போல முகத்தை வைத்திருந்தார்.

"என்னங்க?" என்றாள்.

"ஆங்" என்ற ஒரே ஒரு ஒலிதான் அவரிடம் மிச்சம் இருந்தது. பசி, வலி, தாகம் எல்லாவற்றுக்கும் அதுதான். அன்றைக்கு அதுவும் வரவில்லை.

பஸ் ஓட்டிய காலத்தில் ஹாரனே தேவைப்படாத குரல் அவருக்கு. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே மாடிப்படியிலிருந்து "டீச்சரம்மா!" என்று கூப்பிடுவார். கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டவன் கணக்காகத்தான் இருக்கணும் என்று அவளை 'நீங்க' போட்டுக் கிண்டல் செய்வார். அந்தக் குரல் ஒரே காலைப்பொழுதில் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அவள் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர்கள் குடியிருந்தது நாலாவது மாடியில். கட்டடத்தின் வெளிப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்துகொண்டிருந்ததால், சுவர் முழுக்க டைல்ஸ் மாட்டுவதென்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். சாரம் கட்டி, அதன்மேல் பச்சை வலையைப் போர்த்தியதிலிருந்து வீட்டுக்குள் பகல் என்பதே இல்லாமல் போயிற்று. உச்சி வெயிலிலும் அறை பாசி பிடித்த தொட்டியின் அடிப்பகுதி போல மங்கிக் கிடந்தது. துளை போடும் இயந்திரம் பற்களுக்குள் புகுந்து அதிரும். பிறகு சிமெண்ட் தூசியின் வாசனை, அதற்குப் பிறகு வெட்டிய அலுமினியத்தின் கசப்பு வாசனை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதும், யாரோ செருமுவதும், ஒரு தட்டு, இன்னொரு தட்டு.

மேஸ்திரி ஒருநாள் தண்ணீர் கேட்டு ஜன்னலருகே வந்தபோது, "சிமெண்ட் வைக்காம டைல்ஸ் எப்படிங்க மேஸ்திரி நிக்கும்?" என்று கேட்டாள்.

"எல்லாம் மாட்டுறதுதான் டீச்சர்" என்றார் அவர். நரைத்த மீசை, முழங்கை வரை வெள்ளைத் தூசி. "சுவத்துல போல்ட் அடிச்சு தாங்கி வெச்சிருக்கோம். தாங்கியில நெட்டுக்கு அலுமினியச் சட்டம். சட்டத்துல கிளிப். டைல்ஸு அந்தக் கிளிப்புல தொங்குது, அவ்வளவுதான். எப்ப வேணா ஒண்ணைக் கழட்டலாம், மாட்டலாம்."

"அப்போ நடுவுல வெறும் இடமா?"

அவர் நாலு விரலைச் சேர்த்து நிறுத்திக் காட்டினார். "இந்த அகலம். வேணும்னே விடுறதுதான். கீழேருந்து காத்து உள்ள நுழையும், சூடாகும், மொட்டைமாடி வழியா வெளிய போகும். சுவரு ஈரமே புடிக்காது. சுருக்கமா சொன்னா, கட்டடம் மூச்சு விடும்."

அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அவர்கள் அறைச் சுவரில் கட்டிலுக்கு நேர் மேலே ஓர் ஓட்டை இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்ற ஏசியின் குழாய் போயிருந்த வழி. உள்ளங்கை அகலம் இருக்கும். அவள் அதில் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தாள். வெளிப்பக்கம் வெயில் சூட்டைத் தடுக்கும் பஞ்சுப் பலகை வைத்து மூடிவிட்டதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிடந்த அன்று அந்தத் துணி கட்டிலின் மேல், அவர் காதுக்கருகே விழுந்துகிடந்தது. ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பஞ்சு தட்டுப்படவில்லை. விரல் நுனியைக் குளிர்ந்த காற்று தடவிக்கொண்டு மேலே போனது. காற்றில் ஒரு வாசனை இருந்தது. தூசியும் அல்ல, அலுமினியமும் அல்ல. ஷேவிங் சோப்பு. வேலைக்குப் புறப்படும் காலைகளில் அவர் கழுத்திலிருந்து வரும் அதே வாசனை. ஒரு வருஷமாக மருந்துக் களிம்பையும் டெட்டாலையுமே முகர்ந்துகொண்டிருந்த அவளுக்குக் கண் கரித்தது. துணியைத் திரும்பத் திணிக்க மனம் வரவில்லை.

அதற்கப்புறம்தான் மூச்சைக் கவனித்தாள். வெயில் ஏறினால் சட்டங்கள் விரிந்து டிக், டிக் என்று சத்தமிடும், பயப்படாதீங்க என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். இது அது இல்லை. கட்டிலில் அவர் மூச்சை உள்ளே இழுக்கும்போது சுவருக்குப் பின்னால் ஒன்று நீளமாக வெளியே விட்டது. அவர் விடும்போது அது இழுத்துக்கொண்டது. ஒரே சாப்பாட்டை இரண்டு பேர் மாற்றி மாற்றி உண்பது போல இருந்தது. அவள் கஞ்சிக் கரண்டியைப் பிடித்தபடி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். காத்துதான், என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மாத்திரைச் சீட்டைப் படிக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அலமாரியில் இல்லை. மேசையில் இல்லை.

"தலை மேல வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுங்க, டீச்சரம்மா."

கை தலைக்குப் போனது. கண்ணாடி அங்கேதான் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் உதடு அசையவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. குரல் ஓட்டையிலிருந்து வந்திருந்தது.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. கட்டில் விளிம்பில் முழங்காலூன்றி ஓட்டையருகே முகத்தை வைத்து, "நீங்களா?" என்று கேட்டாள். "வேற யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?" என்று அது சிரித்தது. அவர் சிரிப்பேதான், கடைசியில் கொஞ்சம் இருமல் கலந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் சுவரோடு பேசினாள். வேலையெல்லாம் அரைகுறையாக நின்றது. மகள் போன் செய்தபோது, "அப்பா எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்டதற்கு, "பேசுறார்டி" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். பேசுகிறவர் பேசிக்கொண்டிருந்தார், படுத்திருந்தவர் "ஆங்" என்பதைக்கூட விட்டுவிட்டார். புரட்டிவிடுவது சுலபமாகிக்கொண்டே வந்தது. முதலில் அவள் தன் கைக்குப் பழகிவிட்டதென்று நினைத்தாள். ஒருநாள் ஒற்றைக் கையால் தள்ளியபோது அவர் புரண்டார். ஈரத்துண்டைப் புரட்டுவது போல.

போர்வையை விலக்கினாள்.

எலும்பு தெரியவில்லை. மெலிந்தவர்களுக்கு விலா தெரியும், இவருக்கு அது இல்லை. தோளின் அகலம் அப்படியே இருந்தது, இடுப்பின் அகலம் அப்படியே இருந்தது. தடிமன் மட்டும் போயிருந்தது. அவள் மெத்தையில் கையை நிறுத்தி அவர் மார்போடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சுண்டுவிரல் படுக்கையில். ஆள்காட்டி விரலின் மேல்விளிம்பு அவர் நெஞ்சுக்குச் சரியாக இருந்தது.

நாலு விரல்.

அவள் துணியை எடுத்தாள். ஓட்டைக்குள் திணித்தாள். போதவில்லை என்று இன்னொரு துணி, அதன்மேல் துண்டு, கட்டைவிரலால் இறுக்கி இறுக்கி அடைத்தாள். உள்ளேயிருந்து மந்தமாக, "டீச்சரம்மா, இதென்ன விளையாட்டு?" என்றது. பிறகு நின்றது. கட்டிலிலும் நின்றது. அவருடைய வாய் அகலத் திறந்தது. கண்கள் அவளைத் தேடின. ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவளையே, நேராக. உதடுகள் நீலம் பாரித்தன. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவள் அலறிக்கொண்டு துணியைப் பிடுங்கினாள்.

சுவர் பெருமூச்சு விட்டது. அவர் இழுத்துக்கொண்டார்.

ஜன்னல் வழியாக மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்ட குரலைக் கேட்டதும் அவர் சாரத்தில் ஏறி வந்தார். "உள்ள ஏதோ இருக்கு மேஸ்திரி. இந்த இடத்துல ஒரு டைல்ஸைக் கழட்டிப் பாருங்க."

"பெருச்சாளியா இருக்கும் டீச்சர்."

"பாருங்களேன்."

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். அங்கிருந்து டைல்ஸின் பின்பக்கம் தெரியாது. மேஸ்திரியின் முகம் மட்டும் தெரியும். அவர் மெல்லிய தகட்டை இடுக்கில் விட்டுக் கிளிப்பை நெம்பி, டைலைத் தூக்கிக் கழற்றி, சாரப்பலகையில் சாய்த்து வைத்தார். கையை உள்ளே விட்டுப் பஞ்சைத் தேடினார். சட்டென்று கையை எடுத்துச் சட்டையில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பிறகு செல்போன் வெளிச்சத்தைப் போட்டுத் தலையைச் சாய்த்து, நேராக அல்ல, மேல்நோக்கிப் பார்த்தார்.

நெடுநேரம் பார்த்தார். பச்சை வலை காற்றில் உப்பி அடங்கியது. அவர் மீசை மட்டும் துடித்தது.

டைலை எடுத்து மாட்டினார். கிளிப் சரியாகப் பிடித்ததா என்று தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன மேஸ்திரி?"

"ஒண்ணும் இல்லம்மா." அதுவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டிருந்தார். "ஐயா கட்டில் இந்தச் சுவரோரமாவா போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"நகத்திடுங்க. இன்னிக்கே." ஓர் அடி இறங்கியவர் நின்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "முடிஞ்சா வீட்டையே விட்டுப் போயிடுங்க."

சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கத்துச் சாரத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

அவள் மகளுக்குப் போன் செய்தாள். "வண்டி பிடிச்சுட்டு வா. அப்பாவை உன் வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்."

"என்னம்மா ஆச்சு?"

"வந்தப்புறம் சொல்றேன். நீ கிளம்பு முதல்ல."

காலையில் வருகிறேன் என்றாள் மகள். இங்கே அவள், அவருக்குப் போட்டிருந்த குழாயில் வடிந்து சேரும் சிறுநீர்ப் பையைக் கட்டில் சட்டத்திலிருந்து கழற்றித் தலைமாட்டுக்கு மாற்றி, கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்தாள். அது பிரம்புக் கட்டிலைப் போல லேசாக வந்தது. நாற்காலியைப் போட்டுச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். மடித்த காகிதம் போலிருந்த கை. இன்னும் சூடு இருந்தது. ஓட்டை விடிய விடிய அவளைத் தாஜா செய்தது. மகள் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றிப் பேசியது. அவளுக்கு மட்டுமே தெரிந்த செல்லச் சண்டைகளைச் சொல்லிச் சிரித்தது. அவள் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வலைக்குள் பச்சையாக வெளுத்தபோது, விடிந்துவிட்டது என்ற நிம்மதியில் ஒரு கணம், ஒரே கணம், கண்ணை மூடினாள்.

கதவு தட்டும் சத்தத்தில் விழித்தாள்.

கையில் ஒன்றும் இல்லை.

கட்டில் சுவரோரம் இருந்தது. போர்வை தட்டையாக இருந்தது. இழுத்தாள். விரிப்பில் தோளின் அகலத்துக்கு ஈரம். கட்டிலிலிருந்து சுவர் வரை, சுவரில் ஓட்டை வரை, அதே ஈரம்.

சிறுநீர்ப் பை தலைமாட்டில் தொங்கியது. அதிலிருந்து புறப்பட்ட குழாய் சுவரில் ஏறி ஓட்டைக்குள் போயிருந்தது. விறைப்பாக. கட்டிய கொடிக்கயிறு போல.

"அம்மா, கதவைத் திற. வண்டி கீழ நிக்குது."

குழாய் அசைந்தது. ஒரு விரல் நீளம் உள்ளே போனது. பை கொக்கியிலிருந்து துள்ளி எழும்பியது.

அவள் பாய்ந்து பிடித்தாள். குழாயைக் கையில் சுற்றிக்கொண்டாள். ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டாள். இழுக்கப் பயம். விடப் பயம்.

"விட்டுடுங்க, டீச்சரம்மா" என்றது குரல். மிக அருகில். ஓட்டையின் விளிம்பிலேயே. ஷேவிங் சோப்பின் வாசனை முகத்தில் அடித்தது. "அவர் இங்க நல்லாத்தான் இருக்கார்."

அவர்.

அப்போதுதான் கேட்டது. சந்துக்குள், மேலே, இன்னும் மேலே, இந்தக் குழாய் எட்டவே முடியாத உயரத்தில், ஏழாவது மாடியோ எட்டாவது மாடியோ இருக்கும்.

"ஆங்."

"அம்மா! உள்ள யாரு பேசுறது? அப்பாவா? அப்பா பேசுறாரா?" கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "அப்பா!"

"வாடா கண்ணு" என்றது ஓட்டை.

அவள் குழாயைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். குழாய் இன்னொரு விரல் நீளம் உள்ளே போனது. அவள் கையில் பை கதகதப்பாக இருந்தது. துளித் துளியாக நிரம்பிக்கொண்டிருந்தது.