அப்பாவின் சட்டைப்பைக்குள் கோச்

மிளகாய்க்கு அன்றைக்குக் காலையிலேயே மூக்கு சிவந்துவிட்டது. மூக்கு சிவந்தால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

கோபம் வராமல் என்ன செய்யும்? பள்ளிகளுக்கிடையே நடக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்காக அவளும் இன்னும் சில பிள்ளைகளும் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோச் இருப்பது வேறு ஊரில். மாலையில் கைபேசித் திரையில் வந்து பாடம் நடத்துவார். காலையில் பிள்ளைகள் கைபேசியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். யார் எவ்வளவு தூரம் ஓடினார்கள், எங்கே நின்றார்கள் என்பதை அதிலுள்ள செயலி அவருக்குச் சொல்லிவிடும்.

நேற்று மாலை எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோச் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு வேகம் இருக்கு. ஆனா தினமும் பாதியில நின்னுடற. கொஞ்சம்கூடப் பொறுமை கிடையாது. நாளன்னைக்கு ஓட்டத்துல நீ வேண்டாம்."

யாரோ ஒரு பொடியன் களுக்கென்று சிரித்தான். மிளகாய் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு முடிந்து திரை இருண்டுவிட்டது.

பாதியில் நின்றாளாம். அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

நடந்தது இதுதான். வீட்டில் இருப்பது ஒரே கைபேசி, அதுவும் அப்பாவுடையது. அப்பா பூட்டு ரிப்பேர் செய்பவர். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் எல்லோரும் காலையில்தான் அவரைக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் கைபேசி மிளகாயின் இடுப்பில் அல்லவா இருக்கும்? ஒருநாள் ஒரு மாமா துண்டோடு மொட்டைமாடியில் மாட்டிக்கொண்டார். அவரிடம், நான் ஓடி முடித்ததும் கூப்பிடுங்கள் என்றா சொல்ல முடியும்?

அவள் செயலியை நிறுத்திவிட்டு, வந்த வழியே தலைதெறிக்க ஓடி, கைபேசியை அப்பாவிடம் கொடுப்பாள். மிச்சத் தூரத்தை வெறுங்கையோடு ஓடி முடிப்பாள். அது செயலிக்கு எப்படித் தெரியும்? அப்பாவிடம் சொன்னால், போன் வந்தால் எடுக்காதே என்று சொல்லிவிடுவார். வருகிற வேலை கைநழுவிப் போகும். அதனால் அவள் மூச்சே விடவில்லை.

இன்று விடுமுறை என்பதால் காலையிலேயே வகுப்பு. மிளகாய் கைபேசியை ஜன்னலில் தெருவைப் பார்த்தபடி நிறுத்தினாள்.

"சார், எல்லார் முன்னாடியும் என்னைச் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் ஓடிக் காட்டறேன். இந்தத் தெருவையே சுத்திச் சுத்தி ஓடறேன். நான் நிக்கறேனான்னு பாருங்க."

கோச் புருவத்தைத் தூக்கினார். சரி என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கைபேசி மணி அடித்தது. படம் மறைந்தது.

கூப்பிட்டது ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு நர்ஸ். கதவு சாத்திக்கொண்டதாம், வேலைக்கு நேரமாகிவிட்டதாம். அப்பா பேசி முடித்து, கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கருவிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டினார்.

மிளகாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்குமா? அப்போதுதான் அவள் பார்த்தாள். பேச்சு முடிந்ததும் வகுப்பு தானாகவே திரும்ப வந்திருந்தது. கேமரா பைக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, அதை அணைக்காதீங்க. என் பின்னாடியே வாங்க" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தாள்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மிதித்தார். கடைத்தெரு, பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க் என்று எல்லாம் போயின. பாலம் வந்தது. அப்பா இறங்கிச் சைக்கிளைத் தள்ளினார். மிளகாய் நிற்கவில்லை. அவர் மேலே ஏறி வரும்வரை அவரைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

நர்ஸ் கதவருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்பா மண்டியிட்டு வளைந்த கம்பியை நுழைத்துத் திருப்பினார். கதவு திறந்தது. நர்ஸ் உள்ளே பாய்ந்து பையை எடுத்துக்கொண்டு பறந்தார்.

"தினமும் இதுதான் நடக்குதா?" என்று அப்பாவின் சட்டைப்பை கேட்டது.

அப்பா துள்ளி எழுந்தார். "பைக்குள்ள யாரு?"

மிளகாய் கைபேசியை வெளியே எடுத்தாள். திரையில் கோச்சும் பிள்ளைகளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் கோச்.

"ஏன் நிக்கறேன்னு நீங்க ஒருநாள்கூடக் கேக்கலையே சார். நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

திரையில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. கோச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கேட்டிருக்கணும்" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. "தப்பு என்மேலதான். நாளைக்கு நீ ஓடற."

சரி சார் என்று சொல்லி மிளகாய் கைபேசியை அணைத்தாள். அப்பா சைக்கிளில் ஏறிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். அவள் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதும் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.