காலி வண்டி

காலையிலிருந்து நிறுத்திய ஒன்பது வண்டிகளிலும் ஒரே இருக்கை காலியாகத் தெரிந்தது. பின்னால், இடதுபக்கக் கதவை ஒட்டிய இருக்கை. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியை ஊடுருவி உள்ளே எத்தனை பேர் என்று காட்டத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு அந்தக் கேமராவைக் கொடுத்திருந்தார்கள். மற்றவர்களை வெள்ளை வெள்ளையாக, தெளிவாகவே காட்டியது. கதவைத் திறந்தால், காலி என்று காட்டிய இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து மலங்க மலங்க விழித்தார்.

சிறப்பு எஸ்.ஐ. ரத்தினத்துக்கு அந்தக் கருவியும் பிடிக்காது, கொடுத்தவர்களையும் பிடிக்காது. சுங்குவார்சத்திரத்தில் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வேன் வேனாகத் தூங்கி வழிகிற பிள்ளைகளைக் கண்டால் அறவே ஆகாது. தெற்கேயிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குதுங்க என்பார். இருபத்தெட்டு வருட சர்வீஸில் மனிதர் குனிந்து ஒரு கார் கதவைத் திறந்ததில்லை. லத்தியால் தட்டுவார், உள்ளே இருப்பவன் திறந்துகொண்டு வரவேண்டும். குனிந்தால் கௌரவம் குறைந்துவிடும் பாருங்கள்.

கேமராவைக் கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர் சுபஸ்ரீக்கு போன் போட்டு, இது மிஷினா குப்பையா என்று கேட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். தினமும் காலையில் கேமராவுக்கு முதலில் ஒரு காலி வண்டியைக் காட்ட வேண்டும். அதில் என்ன தெரிகிறதோ அதையெல்லாம் அது ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்ளும். பிறகு வருகிற வண்டிகளில் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டும். இன்றைக்கு எந்த வண்டியைக் காட்டினீர்கள் என்று கேட்டாள். ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்று மாதமாக நிற்கிற விபத்து கேஸ் கார் என்றார் ரத்தினம்.

“அதுல பின்சீட்டு லெஃப்ட்ல யாராவது உட்கார்ந்திருந்தாங்களா சார்?”

ரத்தினம் திரும்பி ஸ்டேஷனின் பின்பக்கம் பார்த்தார்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி அந்தக் கார் வல்லம் வடகால் ரோட்டோரப் பள்ளத்தில் மூக்கு குத்திக் கிடந்தது. வெளியே தூக்கி எறியப்பட்ட டிரைவர் செத்திருந்தான். ரத்தினம் பின்கண்ணாடியில் டார்ச் அடித்தார். கறுப்பு ஃபிலிமில் தன் முகம்தான் தெரிந்தது. கதவைத் திறக்கச் சேற்றில் இறங்க வேண்டும், பூட்ஸ் அழுக்காகும். ‘டிரைவர் மட்டும்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மதியம் கிரேன்காரன்தான் திறந்தான். பின்சீட்டில், இடதுபக்கம், ஓவர்டைம் முடித்து அறைக்குப் போய்க்கொண்டிருந்த சந்திரலேகா. விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னது மட்டும் காகிதத்துக்கு வராமல் ரத்தினம் பார்த்துக்கொண்டார்.

அவளுடைய அப்பா நெல்லையப்பன் மாதம் தவறாமல் ரயிலேறி வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவார். இன்றைக்கும் வந்திருந்தார். வேறெதுவும் கேட்கமாட்டார்.

“நீங்க வந்த நேரம் எம்மவளுக்கு உசுரு இருந்துச்சாய்யா?”

ஸ்பாட்லயே முடிஞ்சிடுச்சு, ஊர் போய்ச் சேரு என்பார் ரத்தினம், ஈயை விரட்டுகிற குரலில்.

இப்போது சுபஸ்ரீ ரிப்போர்ட் எழுதினால் அந்தக் காரின் நம்பர் மேலே போகும். அதில் உட்கார்ந்திருந்தது யார் என்ற கேள்வி வரும். ஃபைல் திறக்கும், பெஞ்சில் இருக்கிறவருக்குப் பதில் கிடைத்துவிடும். மிஷின் கோளாறு என்று எழுத வேண்டுமானால் என்ன செய்யணும் என்று கேட்டார். அவள் வழி சொன்னாள். நன்றாகத் திறந்து பார்த்த ஒரு காலி ஜீப்பைக் காட்டி கேமராவைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் அதே கேஸ் காரில் ஒரு ஆள் பின்னால் வலதுபக்கம் உட்கார வேண்டும். வலதில் ஒருவர், இடது காலி என்று வந்தால் போதும், காலையில் நடந்தது மிஷின் கோளாறு என்று எழுதிவிடலாம்.

ஜீப்பைக் காட்டி முடித்தார்கள். கான்ஸ்டபிள் மோகன் அந்தக் காருக்குள் ஏற மாட்டேன் என்றான். தொடைநடுங்கி என்று திட்டிவிட்டு, கேமராவை அவன் கையில் கொடுத்து, ரத்தினமே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

உச்சி வெயிலில் மூன்று மாதம் காய்ந்த கார் உள்ளே அடுப்பாகக் கொதித்திருக்க வேண்டும். மாறாக, பள்ளத்துச் சேறும் எலிப்புழுக்கையும் நனைந்த பஞ்சும் சேர்ந்த நாற்றத்தோடு, விடிகாலை போல ஒரு குளிர் அவர் பிடரியில் வந்து உட்கார்ந்தது. ரோட்டில் ஓடிய கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் கதவைச் சாத்தியதும் அறுந்துபோனது. இடதுபக்கக் கறுப்புக் கண்ணாடிக்கு அப்பால் மோகன் நிழலாக நின்றான். ரத்தினத்துக்குப் பயமாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளாமல் உரக்கக் கத்தினார்.

“எத்தினி பேருடா?”

“ஒருத்தர்தான் சார்.” கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

ரத்தினம் மூச்சை விட்டார். சிரிப்புகூட வந்தது. இதற்குப் போய் இன்ஜினியராம், ரிப்போர்ட்டாம். படம் பிடித்து அந்தப் பொண்ணுக்கு அனுப்பச் சொன்னார்.

மோகனின் நிழல் கேமராவை இறக்கி, மறுபடி தூக்கிப் பிடித்தது.

“சார், ரைட்ல தானே குந்தச் சொன்னாங்க? இன்னாத்துக்கு சார் லெஃப்ட்டாண்ட போனீங்க?”

ரத்தினம் வலது கதவில் தோள் உரச உட்கார்ந்திருந்தார். நகரவே இல்லை.

“ரைட்ல பாருடா.”

“ரைட்ல யாருமே இல்ல சார். காலி. கண்ணாடி மேல கைய வெக்காதீங்க, மறைக்குது.”

கைகள் இரண்டும் அவர் மடியில் இருந்தன.

கதவைத் திறக்கப் பார்த்தார். பிடி சுழன்றது. கதவு அசையவில்லை. கத்தினார். மோகனின் நிழல் திரும்பவில்லை.

கழுத்து தானாகத் திரும்பியது. இடது கண்ணாடியின் உட்புறத் தூசியில் ஐந்து விரல்கள் மெல்லக் கீழே வழித்துக்கொண்டு வந்தன. நின்றன. அமுங்கியிருந்த இடது இருக்கை மெல்ல மேலே எழும்பியது.

நடு இருக்கை அமுங்கியது.