சாக்பீஸ் கோடு

வியாழக்கிழமை காலையும் கோடு நகர்ந்திருந்தது.

எஞ்சினின் முன்பக்கப் புல்லிச் சக்கரத்திலும் அதற்கு மேலே இருந்த இரும்பிலுமாகச் சேர்த்து, திங்கட்கிழமை ஒரே இழுப்பில் சர்ஃபராஸ் போட்ட வெள்ளைக் கோடு அது. எஞ்சின் அசைந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். புல்லி நட்டில் மூன்றடிக் கம்பியை மாட்டி, காலைப் பம்பரில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தும் அது பிரியவில்லை. ஆனால் ராத்திரி ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போய்க் காலையில் திறந்தால், கீழ்ப்பாதி தள்ளி நின்றது. செவ்வாய் ஒரு விரல், புதன் இரண்டு, இன்று மூன்று. எஞ்சின் ஓடும் திசையிலேயே.

சிவப்பு நிறம், இரண்டே சீட், ஐம்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு ஷெட்டில் எஞ்சின் இறுகிப் பதினெட்டு வருடம் அசையாமல் நின்றதை அடைக்கலம் விலைக்கு வாங்கி, பாலக்கரையில் சர்ஃபராஸின் மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்து வந்திருந்தார். மணப்பாறையில் அவரிடம் இன்னும் ஆறு பழைய கார்கள் இருந்தன.

"ஹெட்டைக் கழட்டக் கூடாது, பிஸ்டன் உடையக் கூடாது. சும்மா சுத்தினா போதும் பாய். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வரேன். சுத்திச்சுன்னா மத்த ஆறும் உங்களுக்குத்தான்."

ஆறு கார் என்றால் இரண்டு வருட வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் சவூதி, தமாம். விசா வந்துவிட்டது. போன தடவை அவன் அங்கிருந்து திரும்பியபோது, மகள் ஆஃப்ரின் அவனைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அதனால்தான் கோடு தானாக நகர்வதை அவன் அடைக்கலத்திடம் சொல்லவில்லை. "இடம் கொடுக்குது சார்" என்று போனில் சொன்னான், தன் கைவேலை போல. பிறகு கேட்டான்.

"இது எப்படி சார் ஜாம் ஆச்சு?"

"பழைய ஓனர் மழைக்கு ஷட்டரை இறக்கிட்டு உள்ளயே ஓட விட்டுப் பாத்திருக்காரு. ஒரே பொகை. ஆள் வெளிய வர முடியல. தண்ணி வத்தி, ஆயில் கருகி, தானா நிக்கிற வரைக்கும் ஓடியிருக்கு." அடைக்கலம் சிரித்தார். "பயப்படாதீங்க பாய். ஆளை எடுத்துட்டுத்தான் வண்டியைக் கொடுத்தாங்க."

சர்ஃபராஸ் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிச் செய்தித்தாளில் வரிசையாக வைத்திருந்தான். ஒவ்வொரு ஓட்டையிலும் மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டிருந்தான். ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டர்களில் ஊற்றியது அப்படியே நின்றது. மூன்றாவது சிலிண்டர் மட்டும் தினமும் குடித்துவிட்டது. தரையில் ஒரு சொட்டு இல்லை. அடியில் ஆயில் அளவும் ஏறவில்லை. குனிந்து மோந்தால் மண்ணெண்ணெய் வாசனை வரவில்லை. புகை வாசனை வந்தது. புதுப் புகை.

அன்று சாயங்காலம் நீள ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின் மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்டான். ஓடும் எஞ்சினில் எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்வது. செத்த எஞ்சினில் கேட்க ஒன்றும் இருக்காது.

இருந்தது. வெகு தூரத்தில் யாரோ தகரத்தைத் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு. இருமல் போல ஒரு கரகரப்பு. இரண்டு தட்டு.

பக்கத்து லேத்துப் பட்டறைதான் என்று நினைத்துக்கொண்டான். லேத்துப் பட்டறை மதியத்திலிருந்தே பூட்டிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. பன்னிரண்டரைக்குப் பாங்கு சொன்னதும் சந்தில் ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கியது. எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். மனைவி அல்ஃபியா போன் செய்தாள்.

"ஜும்மாவுக்குக் கிளம்பலையா நீங்க?"

"மூணு மணிக்கு அந்தாளு வந்துருவாரு. இன்னும் கொஞ்சம்தான்."

"ஒரு எஞ்சினுக்காகத் தொழுகையை விடுவீங்களா?"

"இது மட்டும் சுத்தட்டும், என் பாஸ்போர்ட்டை நீயே எடுத்து அரிசிப் பானைக்குள்ள போட்டுக்க."

"சொல்லிட்டீங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாது." அவள் சிரித்தாள்.

போனைப் பெஞ்சில் வைத்தபோது காற்று திரும்பி, சாரல் ஷெட்டுக்குள் அடித்தது. பானெட் திறந்திருந்தது. பிளக் ஓட்டைகளில் தண்ணீர் இறங்கினால் நான்கு நாள் வேலையும் போச்சு. ஓடிப்போய் ஷட்டரைப் பிடித்தான். பாதி இறக்கியபோதுதான் அடைக்கலம் சொன்னது ஞாபகம் வந்தது. கை நின்றது. இது ஓடாத எஞ்சின். பெட்ரோல் கிடையாது, பேட்டரி பெஞ்சில் கிடக்கிறது. முழுதாக இறக்கினான்.

லைட்டைப் போட்டு, கம்பியை மாட்டினான். ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. மறுபக்கத்திலிருந்து எதுவோ அவன் விசைக்குத் தோள் கொடுப்பது போலிருந்தது. அவன் தள்ளும்போது தள்ளியது. இழுக்கும்போது இழுத்தது.

பிடி விட்டது.

வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி கம்பி போனது. சிரிப்பு வந்தது அவனுக்கு. கையை எடுத்தான்.

கம்பி நிற்கவில்லை.

ஒரு சுற்றுச் சுற்றிக் கழன்று, தரையில் விழுந்தது. புல்லி சுற்றியது. வேகமாக. கோடு கலைந்து வெள்ளை வளையமானது. செய்தித்தாளைப் பார்த்தான். பிளக்குகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பெஞ்சில் பேட்டரி. காரின் பின்னாலிருந்து புகை. நீலமாக, தரையோடு தவழ்ந்து வந்தது.

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். சீட் காலி. கீழே ஆக்ஸிலேட்டர் மிதி இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. அடிவரை.

எஞ்சின் அலறியது.

ஷட்டருக்கு ஓடினான். தூக்கினான். அசையவில்லை. காலை ஊன்றித் தூக்கினான். நான்கு நாளாகக் கம்பியில் கைக்குப் பழகிய அதே இறுக்கம். அதே பிடி.

போன் பெஞ்சில். புகையில் பெஞ்ச் தெரியவில்லை.

தட்டினான். மூன்று தட்டு. மூச்சு அடைத்தது. இருமினான். மறுபடி தட்டினான். இரண்டு.

கை அப்படியே நின்றது. இந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

வெளியே மழை. சந்தில் ஆள் இல்லை. மறுபடி ஓங்கித் தட்டினான். பின்னால், ஓடும் எஞ்சினுக்குள்ளிருந்து, அவனோடு கூடவே யாரோ தட்டினார்கள்.